நாள் குறித்து வந்த பாட்டுகள்

பழைய எச்.எம்.வி. தமிழ் இசைத்தட்டு ஒன்றைக் கையில் எடுத்து நடுவட்டத்தைப் பாருங்கள். குழாயின் முன் உட்கார்ந்திருக்கும் நாயின் படத்தோடு, பொடி எழுத்தில் 'டம்டம்' என்ற ஊர்ப் பெயரும் இருக்கும். சென்னையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய பாட்டும் கல்கத்தாவின் வடக்கு ஓரத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலைக்குப் போய்த்தான் தட்டாக அச்சாகி நம் வீடுகளுக்குத் திரும்பியது. இந்தியாவில் இசைத்தட்டுத் தொழில் வேர்பிடித்த ஊர் கல்கத்தா. அந்த ஊர்க்காரர்கள் அந்தத் தொழிலை வைத்துக்கொண்டு அரிதான ஒன்றைச் செய்தார்கள். துர்கா பூஜைக்குச் சில வாரம் முன்னால் புதுத்துணி எடுப்பதைப் போலப் புதுப்பாட்டு வாங்குவதையும் வீட்டு வழக்கமாக்கினார்கள். 'பூஜோர் கான்' என்று அதற்குப் பெயர். சாமி முன்னால் பாடும் பக்திப் பாட்டு அல்ல, பூஜையை ஒட்டி வெளிவரும் பாட்டு. காதல், மழை, பஞ்சம், பிரிவு, கேலி என எதுவும் அதில் இருக்கலாம். நாள் மட்டும் தவறக் கூடாது. சினிமாவின் தோளில் ஏறாத ஒரு பாட்டு மக்கள் வாயில் தங்க வேண்டுமானால், ஊரே எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு நாள் அதற்கு வேண்டும். நேரில் கேட்க ஒரு மேடை வேண்டும். கையில் கொடுத்து வாங்க ஒரு தொகுப்பு வேண்டும். இந்த மூன்றில் நாள்தான் முதன்மையானது, மற்ற இரண்டும் அதைப் பிடித்துக்கொண்டு வளர்பவை என்பது என் கட்சி. கல்கத்தா அதற்குச் சாட்சி. தமிழ்நாடும்தான், ஆனால் வேறு விதமாக.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். அந்த மெழுகுப் பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குப் போய்த் தட்டாகித் திரும்பின. கப்பலை நம்பியிருந்த வரையில் ஒரு பண்டிகைக்குக் குறிவைத்துப் பாட்டு வெளியிடுவது லேசான காரியம் அல்ல. 1908-ல் கம்பெனி சியால்தா பக்கம் சொந்தத் தொழிற்சாலை தொடங்கியது. பிறகு அது டம்டமுக்குப் பெரிதாக இடம்பெயர்ந்தது. 1914-ல் பூஜைக்கென்றே ஒரு தொகுதித் தட்டுகள் வெளிவந்தன. பாடியவர்களில் மானதா சுந்தரி தாசியும் கே. மல்லிக்கும் இருந்தார்கள். கே. மல்லிக்கின் இயற்பெயர் முகமது காசிம். காளியின் மேல் பாடிய பாட்டை முஸ்லிம் பெயரோடு கடைக்கு அனுப்பக் கம்பெனி தயங்கியதால் வந்த பெயர் அது. இந்தச் செய்தியை மறைக்க வேண்டியதில்லை. பூஜைப் பாட்டின் வரலாற்றில் வியாபாரக் கணக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

அந்தப் பாட்டுகளோடு வந்த ஒரு சிறு புத்தகத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கிராமபோன் கம்பெனியின் எச்.எம்.வி. ஆண்டுதோறும் 'சரத் அர்க்ய' என்ற பெயரில் பூஜைப் பாட்டுகளின் புத்தகத்தை வெளியிட்டது. ஒவ்வொரு பாடகரின் புகைப்படம், அவர் அந்த ஆண்டு பாடிய பாட்டின் முழு வரிகள், எழுதியவர் பெயர், மெட்டமைத்தவர் பெயர், தட்டின் எண் எல்லாம் அதில் இருக்கும். கிராமபோன் பெட்டி இல்லாத வீட்டிலும் இந்தப் புத்தகம் இருந்தது. பக்கத்து வீட்டிலோ கடைவாசலிலோ தட்டு சுற்றும்போது கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு வரியை ஓட்டிப் பார்க்கலாம். இரண்டு முறை கேட்டால் பாடிவிடலாம். ஹேமந்த முகர்ஜிக்கு இந்த வருஷம் யார் மெட்டுப் போட்டார்கள், சந்தியா முகர்ஜியின் பாட்டு போன வருஷத்து அளவுக்கு இருக்கிறதா, ஷியாமல் மித்ராவா மானவேந்திர முகர்ஜியா என்று பூஜைக்கு முன்பே தெருமுனையில் வழக்கு நடக்கும். பாட்டாசிரியரின் பெயரும் இசையமைப்பாளரின் பெயரும் பாடகரின் பெயருக்குச் சமமாக மக்கள் வாயில் புழங்கின. இன்றைய செல்பேசித் திரையில் பாட்டின் பெயருக்குக் கீழே பாடகர் பெயர் மட்டும் ஓடுகிறது. எழுதியவரைத் தேடிப் பிடிக்க நான்கு இடம் தொட வேண்டியிருக்கிறது. ஒரு தொகுப்பு என்றால் என்ன என்பதற்கு அந்தப் புத்தகம் நல்ல அளவுகோல்: எண்ணிச் சேர்த்த பாட்டுகள், உழைத்தவர் எல்லாருடைய பெயர், வெளிவரும் பருவம், கேட்பவரைப் பாடவைக்கும் வரிகள்.

எண்ணிச் சேர்த்தவை என்பது முக்கியம். 78 சுற்றுத் தட்டில் பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் கிடைக்கும். பூஜைக்கு ஒரு பாடகருக்குப் பெரும்பாலும் ஒரு தட்டு, இரண்டு பாட்டு. ஆண்டு முழுவதும் சேர்த்த திறமையை அந்த ஆறு நிமிடத்தில் காட்டியாக வேண்டும். அந்த நெருக்கடியிலிருந்து என்ன பிறந்தது என்பதற்கு 1949 பூஜையே போதும். சலில் சவுத்ரி எழுதி மெட்டமைத்து ஹேமந்த முகர்ஜி பாடிய 'காயேர் பொது' என்ற பாட்டு ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. முதல் பக்கத்தில் ஒரு கிராமத்து மருமகளின் நிறைந்த வாழ்வு, தட்டைத் திருப்பினால் பஞ்சம் அந்த வாழ்வைத் தின்ற கதை. 1943-ன் வங்கப் பஞ்சம் முடிந்து ஆறே ஆண்டு ஆகியிருந்தது. பண்டிகைக் கொண்டாட்டத்துக்கு வாங்கிய தட்டில், அதே வீட்டுக்காரர்கள் கண்ணால் பார்த்த சாவைக் கேட்டார்கள், திரும்பத் திரும்பக் கேட்டார்கள், பந்தலில் ஒலிக்க விட்டார்கள். பண்டிகைச் சரக்கு என்றால் மேம்போக்கானதாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட வலுவான பதில் என்னிடம் இல்லை. இந்த சலில் சவுத்ரியைத் தமிழர்களுக்கும் தெரியும். 1979-ல் பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' படத்துக்கு இசை அவர்தான்.

சினிமாவுக்கும் பூஜைப் பாட்டுக்கும் இருந்த உறவும் நாம் பழகியதற்கு நேர்மாறானது. நம் ஊரில் தனிப்பாட்டு சினிமாவைப் பார்த்து நடக்கும். அங்கே இந்தி சினிமா பூஜைப் பாட்டிடம் கடன் வாங்கியது. ரூபி ராய் என்ற பெண்ணை நினைத்து ஆர்.டி. பர்மன் தானே பாடிய பூஜைப் பாட்டின் மெட்டு, பின்னர் 1973-ல் 'அனாமிகா' படத்தில் கிஷோர் குமாரின் குரலில் நாடு முழுக்கப் போனது. 'ஆந்தி' படத்தின் புகழ்பெற்ற ஜோடிப்பாட்டுக்கும் மூலம் அவருடைய ஒரு பூஜைப் பாட்டுதான். 1960-ல் 'பரக்' படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய மழைப்பாட்டு, அதற்கு முன்பே சலில் சவுத்ரியின் இசையில் அவரே வங்க மொழியில் பாடிய தனிப்பாட்டு. தனிப்பாட்டுக்கு அசலான ஒரு சந்தையும் ரசனையும் இருந்தால் சினிமா அதன் வாசலில் வந்து நிற்கும் என்பதற்கு இவை சான்று.

ஆனால் தட்டு மட்டும் இதைச் செய்துவிடவில்லை. பூஜை முடிந்து விஜயதசமிக்குப் பிறகு, பாரா எனப்படும் ஒவ்வொரு குடியிருப்பிலும் விஜயா சம்மிலனி என்ற ஒன்றுகூடல் நடக்கும். காளி பூஜை தாண்டி, பனிக்காலம் முழுக்க ஜல்சா எனும் தெருக்கச்சேரி நடக்கும். தெருவை அடைத்து மூங்கில் மேடை, மேலே ஷாமியானா, கீழே ஜமுக்காளம். தட்டில் கேட்ட குரல்கள் நேரில் வந்து ஆர்மோனியத்தை முன்னால் இழுத்துக்கொண்டு பாடும். கூட்டத்துக்கு வரிகள் முன்பே தெரியும். புதுப்பாட்டைப் பாடகர் தொடங்கும்போதே ஜனம் கூடச் சேர்ந்துகொள்ளும். தெரிந்த பாட்டை நேரில் கேட்பதும் தெரியாத பாட்டை நேரில் கேட்பதும் வேறு வேறு இன்பங்கள். தட்டும் புத்தகமும் முதலில் போய் நிலத்தை உழுது வைத்ததால்தான் மேடையில் விதைத்தது முளைத்தது. மேடையில் கேட்டதை மறுநாள் திரும்பக் கேட்க வழி இருந்ததால் தட்டும் விற்றது. ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடும் என்ற இன்றைய கவலைக்கு அந்தக் காலத்தில் ஆதாரமே இல்லை.

பருவத்துக்கு என்று பாட்டுகளைக் கோத்துக் கொடுக்கும் வழக்கம் கம்பெனிக்கு மட்டும் சொந்தமானதல்ல. ரவீந்திரநாத் தாகூரும் அதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். 1921-ல் அவருடைய ஜோராசாங்கோ வீட்டு முற்றத்தில் 'வர்ஷா மங்கள்' நடந்தது. மழைப்பாட்டுகளை மட்டும் மழைக்காலத்தில் பாடும் விழா. 1925-ல் 'சேஷ் வர்ஷண்' வந்தது. மழை விடைபெற்று சரத்காலம் வரும் அந்தச் சில நாளைப் பாட்டுகளாலும் இடையிடையே பேச்சாலும் இணைத்த நிகழ்ச்சி அது. தம் பாட்டுகள் அனைத்தையும் 'கீதவிதான்' நூலில் திரும்ப அடுக்கியபோது, எழுதிய ஆண்டின் வரிசையை உதறிவிட்டுப் பொருளின் வரிசையில் அடுக்கினார். அதில் இயற்கை என்ற பகுதியில் 283 பாட்டுகள். மழைக்கு 115, வசந்தத்துக்கு 96, சரத்துக்கு 30, கோடைக்கு 16, குளிருக்கு 12, முன்பனிக்கு வெறும் 5. மீதி 9 பொதுவானவை. இந்த ஏற்றத்தாழ்வே வங்காள நிலத்தின் பருவ வரைபடம். தெருத்தெருவாக இருக்கும் பாட்டு வகுப்புகள் இன்றும் ஆடி ஆவணி மழையில் பத்துப் பன்னிரண்டு பாட்டைப் பொறுக்கி, நடுவில் வாசிக்க நாலு பத்தி எழுதி, பள்ளிக்கூட அரங்கில் அரங்கேற்றுகின்றன. கீதி ஆலேக்ய என்கிறார்கள். பாட்டைப் பொறுக்குவதும் வரிசைப்படுத்துவதும் பாடுவதற்குக் குறையாத கலை என்று அங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நமக்கும் அது புதிதல்ல. ஐங்குறுநூறு திணைக்கு நூறாக ஐந்நூறு பாட்டை அடுக்கியது. அகநானூற்றைத் தொகுத்தவர் இன்னும் ஒரு படி மேலே போனார்: ஒற்றைப்படை எண்களில் பாலை, 2-லும் 8-லும் முடிவன குறிஞ்சி, 4-ல் முல்லை, 6-ல் மருதம், பத்துப் பத்தாக வருவன நெய்தல். வரிசையாகப் படிப்பவர் ஒரு பாட்டு விட்டு ஒரு பாட்டு பாலையின் வெக்கையைக் கடந்தே கார்காலத்துக்கோ கடற்கரைக்கோ போக வேண்டியிருக்கிறது. கவிஞர்கள் பலர், காலங்கள் பல. ஆனால் அந்த நடை தொகுத்தவருடையது. ஆண்டாளின் திருப்பாவை நாளுக்கு ஒன்றாக மார்கழி முழுக்கப் பரவுவதும் இதே அறிவின் இன்னொரு முகம். பாட்டுக்கு நாள் குறித்தால் அது மறந்துபோகாது என்று அந்த மரபுக்குத் தெரிந்திருக்கிறது.

நாளின் வலிமையை அளக்க வேண்டுமானால் கல்கத்தாவின் 1976-ஐப் பார்க்க வேண்டும். 1930களின் தொடக்கத்திலிருந்து கல்கத்தா வானொலி 'மகிஷாசுர மர்த்தினி' நிகழ்ச்சியை ஒலிபரப்பி வந்தது. மகாளய அமாவாசை விடிகாலை நான்கு மணிக்கு அதைக் கேட்பது வழக்கமாகி நிலைத்தது. பாணி குமாரின் எழுத்து, பங்கஜ் மல்லிக்கின் இசை, பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் குரல். பல ஆண்டுகள் அது நேரலையாகவே நடந்தது. பிறகு பதிவு ஒலித்தது. 1976-ல் அதை எடுத்துவிட்டுப் புதிய நிகழ்ச்சியை வைத்தார்கள். குரல் உத்தம் குமார், இசை ஹேமந்த முகர்ஜி. வங்காளத்தில் அவர்களைவிடப் பெரிய பெயர்கள் அன்று கிடையாது. ஊர் கொதித்தது, பழைய நிகழ்ச்சி திரும்ப வந்தது, இன்றும் அந்த விடியலில் அதுதான். புதியதன் தரம் குறைவு என்பதற்காக மட்டும் மக்கள் கோபப்படவில்லை. பாட்டுக்கும் நாளுக்கும் நடந்த திருமணத்தைத் தங்களைக் கேட்காமல் முறித்தார்கள் என்று கோபப்பட்டார்கள். அந்தப் பதிவு கடையில் கிடைக்கிறது, எந்த நேரமும் கேட்கலாம். ஆனாலும் நான்கு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, எல்லா ஜன்னலிலிருந்தும் ஒரே குரல் வரும்போது கேட்கிறார்கள். தனியாகக் கேட்பது ஊர்க்காரியமாக மாறும் இடம் அது.

குளிர்கால இரவுக் கச்சேரிகளிலும் இதே விதி வேலை செய்கிறது. 1934-ல் தாகூர் தொடங்கிவைத்த அனைத்து வங்காள இசை மாநாடு ஒரு வழி திறந்தது. 1952-ல் தென் கல்கத்தாவின் டோவர் லேன் என்ற தெருவின் இளைஞர்கள் ஆரம்பித்த மாநாடு அந்தத் தெருவின் பெயரையே இந்துஸ்தானி இசை உலகம் முழுக்க அறியச் செய்தது. இப்போது ரவீந்திர சரோவர் ஏரிக்கரையின் நஸ்ருல் மஞ்சத்தில் ஜனவரியின் பின்பாதியில் நடக்கிறது. மாலையில் தொடங்கி விடிய விடிய. பள்ளிக்கூட வாத்தியாரும் வங்கி குமாஸ்தாவும் குரங்குக் குல்லாயும் சால்வையுமாக வந்து உட்கார்வார்கள்; ஒரு கலைஞர் இறங்கி அடுத்தவர் சுருதி சேர்க்கும் இடைவெளியில் மண்குவளைத் தேநீருக்கு வெளியே வருவார்கள். விடிய விடிய என்பது சாகசத்துக்காக அல்ல. நம் இந்தோளத்துக்கு உறவான மால்கௌன்ஸ் நள்ளிரவு தாண்டிய ராகம். லலித் விடிவதற்குச் சற்று முன்பு. நம் மாயாமாளவகௌளையின் உறவான பைரவ் விடிந்த பிறகு. மாலை ஆறு முதல் ஒன்பது வரை நடக்கும் கச்சேரியில் இந்த ராகங்களுக்கு உரிய வேளை வராது. இரவு முழுக்க விழித்திருந்த செவியில் லலித் விழுவதற்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செல்பேசியில் அதையே ஓடவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் கேட்டவருக்குத் தெரியும். பாட்டு ஒன்றுதான், செவியைத் தயார் செய்தது அந்த இரவு.

தமிழ்நாட்டுச் சாட்சி என்றேன். சினிமா அல்லாத தமிழ்ப் பாட்டில் இன்று சாதாரண ஜனம் மனப்பாடமாகப் பாடுவது எது? ஆடி பிறந்தால் கூம்பு ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டுகள். கார்த்திகையில் மாலை போட்டால் கே. வீரமணியின் ஐயப்பன் பாட்டுகள். தைப்பூசத்துக்கும் சஷ்டிக்கும் டி.எம். சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும் பாடிய முருகன் பாட்டுகள். நோன்புக் காலத்தில் நாகூர் ஹனீபா. பெரும்பாலும் நாளோடு கட்டப்பட்டவை மட்டுமே பிழைத்திருக்கின்றன. மறுபக்கம், சென்னை வானொலி ஆண்டுக்கணக்கில் தரமான மெல்லிசைப் பாட்டுகளை ஒலிபரப்பியது, எம்.பி. சீனிவாசன் சேர்ந்திசைக் குழு அமைத்து பாரதியையும் பிறரையும் அருமையாகப் பாடவைத்தார். அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் உருகிப் பேசுகிறார்கள், ஆனால் தெருவில் அவை இல்லை. மெட்டில் குறையா, சொல்லில் குறையா? இரண்டும் இல்லை. அந்தப் பாட்டுகளை எதிர்பார்த்து ஊர் காத்திருக்க ஒரு நாள் இல்லை. வங்காளத்தில் காதல் பாட்டுக்கும் பஞ்சப் பாட்டுக்கும் கிடைத்த பண்டிகை, நம் ஊரில் சாமிப்பாட்டுக்கு மட்டும் கிடைத்தது. மற்றதையெல்லாம் சினிமா எடுத்துக்கொண்டது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் பலமானதை முதலில் எடுக்கிறேன். பூஜைப் பாட்டு என்பது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் விற்பனை உத்தி; போனஸ் கையில் வரும் மாதம் பார்த்துத் தட்டு விற்றார்கள், அதைப் பண்பாடு என்று கொண்டாடுவதா என்பது. விற்பனை உத்திதான். ஆனால் கம்பெனி நாளைத் தந்தது, தந்த நாளில் என்ன வந்தது என்பதைக் கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் கேட்டவர்களும் தீர்மானித்தார்கள். அதே கம்பெனிச் சம்பளத்தில் காஜி நஸ்ருல் இஸ்லாம் காளிக்கும் பாட்டெழுதினார், இஸ்லாமியப் பாட்டும் எழுதினார். 1930களின் தொடக்கத்தில் அப்பாஸுத்தீன் வற்புறுத்தி நஸ்ருலிடம் எழுதி வாங்கிப் பாடிய ஈத் பாட்டு விற்காது என்று கம்பெனி முதலில் தயங்கியது. ஈதுக்கு வந்தது, பிய்த்துக்கொண்டு போனது. இன்றும் பிறை தெரிந்த மாலையில் வங்காளத்தின் இரு பக்கமும் ஒலிப்பது அந்தப் பாட்டுதான். பண்டிகைப் பாட்டு என்றால் ஒரே மதத்தின் சொத்தாகிவிடாதா என்ற கேள்விக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. மீதிப் பாதி உண்மையான குறைதான். கே. மல்லிக்கைப் போலப் பெயர் மாற்றிக்கொண்டு உள்ளே வர நேர்ந்தவர்கள் உண்டு, மானதா சுந்தரி தாசியின் தலைமுறைப் பெண்களுக்குக் குரலுக்குக் கிடைத்த மரியாதை வாழ்க்கைக்குக் கிடைக்கவில்லை. நாள் எல்லாருக்கும் பொதுவாக இருந்தால் மட்டும் போதாது, மேடையும் பொதுவாக வேண்டும் என்பதை அந்தக் குறை காட்டுகிறது. நாள் வேண்டாம் என்பதை அல்ல.

அடுத்த எதிர்வாதம், பாடகர் கபீர் சுமன். 1992-ல், அன்று சுமன் சட்டோபாத்யாய் என்ற பெயரில், அவர் வெளியிட்ட 'தோமாகே சாய்' தொகுப்பு ஏப்ரலில் வந்தது. பூஜையும் இல்லை, பந்தலும் இல்லை. வங்காளப் பாட்டின் போக்கையே மாற்றியது. அப்படியானால் நாள் எதற்கு என்று கேட்கலாம். மேதை நாள் பார்க்க வேண்டியதில்லை என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மொழியின் பாட்டு மேதைகளால் மட்டும் வாழ்வதில்லை. ஆண்டுக்கு முப்பது நாற்பது நல்ல பாட்டுகள், சராசரிக்குச் சற்று மேலானவை, அவற்றுக்கும் காது கிடைக்க வேண்டும். சுமன் தனி ஆளாக மேடையேறி மூன்று மணி நேரம் பேசியும் பாடியும் அந்தக் காதைச் சம்பாதித்தார். எல்லாரும் அதைச் செய்ய முடியாது. நாள் என்பது சுமாரான பலம் உள்ளவர்களுக்கும் கிடைக்கும் ஏணி.

பூஜைப் பாட்டு வழக்கம் தளர்ந்ததற்குக் கேசட்டையும் தொலைக்காட்சியையும் காரணம் சொல்வார்கள். கேசட் வந்ததும் இரண்டு பாட்டு எட்டாகவும் பத்தாகவும் ஆனது. நிரப்புவதற்காகப் பாட்டுகள் பிறந்தன. இது உண்மை. ஆனால் அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. 1996-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கிக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. 2000-ல் நாடு முழுக்க வந்த விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுத்தன. நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் தூங்க வேண்டும். அந்தத் தீர்ப்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தெருமேடை ஜல்சாவுக்கு அது பெரிய அடி. மூடிய அரங்குக்குள் நடப்பதால் டோவர் லேன் தப்பியது. மூங்கில் மேடையும் ஜமுக்காளமும் தப்பவில்லை. புதுப்பாட்டைச் சோதித்துப் பார்க்கும் மேடை போனதும் தட்டுக்கு இருந்த ஒரு கால் ஒடிந்தது. பூஜைக்குப் பாட்டு வெளிவருவது இன்றும் நிற்கவில்லை. பந்தல் போடும் கிளப்புகள் இப்போது தங்களுக்கென்று தீம் சாங் செய்துகொள்கின்றன. அது அந்தப் பந்தலின் பாட்டு, அந்த ஆண்டின் பாட்டு. அடுத்த தெரு அதைப் பாடுவதில்லை.

இன்று எல்லாப் பாட்டும் கையில் இருக்கிறதே, செயலியே மழைக்கு ஒரு பட்டியல், குளிருக்கு ஒரு பட்டியல் போட்டுத் தருகிறதே, இன்னும் என்ன குறை என்பவர்களுக்கு: பட்டியல் இருக்கிறது, கொடுப்பவர் இல்லை. செயலியின் மழைப் பட்டியல் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் ஒரே நாளில் மழை பெய்விக்கிறது. முடிவும் இல்லாமல் ஓடுகிறது. கேட்டவர் இருவர் சந்தித்தால் பேசிக்கொள்ள அதில் பொதுவாக ஒன்றும் இருப்பதில்லை, ஏனென்றால் இருவருக்கும் வேறு வேறு பாட்டு போயிருக்கும். எண்பதுகளில் நம் ஊர்க் கேசட் கடைகளில் கைப்பட எழுதிய பட்டியலைக் கொடுத்து 60 நிமிட, 90 நிமிட கேசட்டில் பதிந்து வாங்கி, அக்காவுக்கோ நண்பனுக்கோ கொடுத்தார்கள். இடம் தீர்ந்துபோகும் என்பதால் ஒவ்வொரு பாட்டும் இன்னொன்றை வெளியே தள்ளித்தான் உள்ளே வந்தது. அந்தத் தள்ளுமுள்ளில்தான் தேர்ந்தவரின் மனசு தெரியும். இன்று கார்காலத்துக்குப் பன்னிரண்டு பாட்டை மட்டும் பொறுக்கி, எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் பெயரோடு, ஆவணி முதல் தேதி பத்து பேருக்கு அனுப்புகிறவர் சரத் அர்க்ய செய்த வேலையைச் செய்கிறார். அது சின்ன வேலை அல்ல.

பிறர் உழைப்பை இலவசமாகப் பகிர்வது நியாயமா என்ற கேள்வி மிகச் சரியானது. கேசட் காலத்துப் பதிவுகளில் பாடகருக்கும் கவிஞருக்கும் ஒரு பைசா போகவில்லை. 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் பாட்டாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டிப் பங்கை உறுதி செய்தது. எனவே பாட்டின் கோப்பை அனுப்பாமல், முறைப்படி ஒலிக்கும் இடத்தின் இணைப்பை அனுப்புவதே சரி. அதிலும் பெரும்பாலான செயலி நிறுவனங்கள் வருமானத்தை ஒரே குடத்தில் ஊற்றி மொத்தக் கேட்புக் கணக்கில் பிரிப்பதால் சிறு கலைஞருக்குச் சொற்பமே சேரும். அவர்களுக்கு உண்மையான வருமானம் மேடையில்தான். பட்டியலின் கடைசியில் 'இவர் அடுத்த மாதம் இன்ன இடத்தில் பாடுகிறார்' என்று ஒரு வரி சேர்த்தால், தொகுப்பு மறுபடியும் மேடைக்கு ஆள் சேர்க்கும்.

கைப்படத் தொகுத்தது ஒரு மரபையே எழுப்பும் என்பதற்கும் கல்கத்தாவில் சான்று உண்டு. 1975 வாக்கில் கௌதம் சட்டோபாத்யாய் தொடங்கிய 'மொஹினேர் கோராகுலி' இசைக்குழுவை அதன் காலத்தில் கண்டுகொண்டவர்கள் குறைவு. சில தட்டுகளோடு கலைந்தது. இருபது ஆண்டு கழித்து 1995-ல், இளம் பாடகர்கள் பலரைச் சேர்த்து ஒரு தொகுப்பை அவர் கொண்டுவந்தார். வெளியிட்ட இடம் கல்கத்தா புத்தகக் கண்காட்சி, ஊரே குளிரில் கூடும் இடம். பழைய குழுவின் பெயர் அதற்குப் பிறகுதான் வீட்டுப் பெயரானது. அந்தத் தொகுப்பின் ஒரு பாட்டு 2006-ல் 'கேங்ஸ்டர்' படத்தின் வழியாக இந்திக்கும் போனது. அதே கௌதம்தான், ஆனால் இம்முறை நாள் இருந்தது, கூட்டம் இருந்தது, ஒருவர் பொறுக்கிச் சேர்த்த தொகுப்பு இருந்தது.

சென்னையில் இன்று இந்த மூன்றில் நாளும் மேடையும் இருக்கின்றன. மார்கழி என்றால் கச்சேரி என்று உலகத்துக்கே தெரியும். 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடையேறியது. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கி, பறையும் கானாவும் ஒப்பாரியும் அதே மாதத்தில் மேடைக்கு உரிமை கேட்டன. சினிமா அல்லாத புதிய பாட்டுகளை இளைஞர்கள் எழுதுகிறார்கள், பாடுகிறார்கள், கூட்டமும் வருகிறது. ஆண்டுதோறும் அந்த மாதத்தில் இருபது புதுப் பாட்டுகளைப் பொறுக்கி, முழு வரிகளோடும் எல்லாப் பெயர்களோடும் ஒரு சிறு புத்தகமாகவும் ஒலித்தொகுப்பாகவும் போட யாராவது முன்வந்தால், மேடையில் கேட்ட பாட்டு பொங்கலுக்குள் ஊர்களுக்குப் போய்விடும். ஒரு சபாவோ, ஒரு பதிப்பகமோ, பாட்டில் பைத்தியமான நான்கு நண்பர்களோ போதும். வரும் மார்கழிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.